மாப்பிள்ளை வீட்டுக் கோயில்பிள்ளை

எங்கள் கோயில்பிள்ளை மோட்சத்துக்குப் போயிருந்தால், அங்கே இந்நேரம் ஒருவருக்கும் தூக்கம் இருக்காது. மாதா கோயிலில் மணியடிப்பது, மெழுகுவர்த்தி ஏற்றுவது, பிரசங்கத்தில் கண் அசருகிறவர்களை உலுக்குவது எல்லாம் அவர் வேலை. அவர் காதோடு சொல்லும் ரகசியம் நன்னிலம் பஸ் வரைக்கும் கேட்கும். பெயர் என்னவென்று யாருக்கும் தெரியாது. சாமியாரே 'கோயில்பிள்ளை' என்றுதான் கூப்பிடுவார்.

மெட்ராஸில் கழக ஆட்சி புதிது. நன்னிலம் பக்கத்து வயல்களில் கூலித் தகராறு பழையது. உள்ளூர் ஆட்கள் அறுப்புக்கு இறங்க மறுத்ததால், மிராசுதார் ராமநாதபுரத்துப் பக்கமிருந்து லாரியில் ஆள் இறக்கினார். அதில் நானும் ஒருவன். தாய் தகப்பன் இல்லை. படிப்பு ஐந்தாவதோடு சரி. கவலைப்படுவதில் மட்டும் மேல்படிப்பு. வரப்பில் சிவப்புக் கொடியைக் கண்டதும் அரிவாளைப் போட்டுவிட்டு ஓடினேன். மற்றவர்கள் புத்தியாக லாரியைப் பார்த்து ஓடினார்கள். நான் மாதா கோயிலுக்குள் புகுந்து, சாமியாரிடம் பாவத்தைச் சொல்கிற பாவசங்கீர்த்தனத் தொட்டியில் ஒளிந்தேன்.

"உள்ள யாருய்யா?" வெளியே கோயில்பிள்ளையின் குரல்.

"பாவிங்க."

"அது தெரியுது. எந்த ஊருப் பாவி?"

சொன்னேன். நானும் வேதக்காரன், கிறிஸ்தவன்தான் என்றும் சேர்த்துச் சொன்னேன்.

"சாமியார் சாயங்காலம்தான் வருவாரு. அதுவரைக்கும் பாவத்தை வச்சுக்க. இப்ப சோறு திங்கிறியா?"

லாரி போய்விட்டது. செங்கல் சூளையில் வேலை கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் மட்டும், கூலியைக் கெடுக்க வந்தவன் என்று, என் பக்கத்துப் பாய் காலியாகவே கிடக்கும். கோயில்பிள்ளைக்குப் பொறுக்கவில்லை. "சாமி முன்னாடி என்னய்யா வரப்பு? இந்தப் பக்கம் தள்ளி உக்காருங்க!" சாமியார் மந்திரத்தையே மறந்துவிட்டார்.

அப்படி என் பக்கமாகத் தள்ளி உட்கார்ந்த ஆரோக்கியமேரியைக் கல்யாணம் செய்ய ஆசைப்பட்டேன். அன்று வரப்பில் கொடி பிடித்து நின்றவர்தான் அவள் அப்பா. அவர் சாமியாரிடம் சொல்லிவிட்டார்.

"பையன் நல்லவன்தான். ஆனா லாரியில வந்தவன் லாரியிலயே போயிட்டா, நான் யாரைப் போயிக் கேக்குறது? மூணாவது ஓலை வாசிக்கிறதுக்குள்ள சொந்தம்னு ஒருத்தரைக் கொண்டாரச் சொல்லுங்க. இல்லாட்டி விட்டுடுங்க."

கோயிலில் கல்யாண அறிவிப்பை மூன்று ஞாயிறு வாசிப்பார்கள், அதுதான் ஓலை. இரண்டு முடிந்தது. சொந்தத்துக்கு நான் எங்கே போவேன்? மூன்றாவது ஞாயிறு, தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சாமியார் வாசித்தார்.

"தடை இருக்கு சாமி!"

மணிக் கயிற்றை விட்டுவிட்டுக் கோயில்பிள்ளை வந்துகொண்டிருந்தார். என்னைப் பற்றி எனக்கே தெரியாத குற்றம் ஏதோ இருக்கிறது என்று நம்பியே விட்டேன்.

"மாப்பிள்ளைக்குப் பெரியப்பா நானு. பொண்ணு வீட்டுலேருந்து ஒரு வெத்தலை பாக்கு உண்டா? மரியாதை தெரியாத எடத்துல எப்படி சம்பந்தம் பண்றது?"

கோயிலே சிரித்தது. ஆரோக்கியத்தின் அப்பா சிரிக்கவில்லை.

"இவன் ஓடிப்போனா?"

"நான் போயி இழுத்துட்டு வர்றேன். வரலைன்னா நீங்க என்னை இழுங்க."

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"தப்புதாங்க சம்பந்தி. சாயங்காலம் வெத்தலை பாக்கோட வர்றோம்."

கல்யாணப் பந்தியில் குழம்பில் உப்பில்லை என்று கோயில்பிள்ளை பெரிய சண்டை போட்டார். உப்பு சரியாகத்தான் இருந்தது. ஆனாலும், மாப்பிள்ளை வீட்டுக்காரராக நின்று கத்த அந்த ஊரில் எனக்கு ஓர் ஆள் இருந்தாரே என்று, நானும் உப்பில்லை என்றேன்.