காது குத்திய எலிகள்

எலியை ‘வாங்க, போங்க’ என்று அழைத்த மனிதர் கவுஞ்சி மலையில் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். அவருடைய பெயர் ஊரில் யாருக்கும் தேவைப்படவில்லை. எலி சார் என்றால் பஸ் கண்டக்டர் கூட என் வாசலில் நிறுத்தி இறக்கிவிடுவார்.

எலிகள் சுமக்கும் நோய்களை ஆராய வந்தவர். நான் சுகாதார ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன்; என் வீட்டுப் பின்னறையில் குடியிருந்தார். விடிந்ததும் பூண்டுத் தோட்ட வரப்புகளில் வைத்த தகரப் பொறிகளைத் திறப்பார். சிக்கிய எலியை எடை போட்டு, ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, காதுக்குள் ஒட்டிய உண்ணிகளைச் சுரண்டி எடுப்பார். பிறகு காதில் எண் பொறித்த தகடு மாட்டி, பிடித்த இடத்திலேயே விட்டுவிடுவார். “சிரமத்துக்கு மன்னிச்சுக்கங்க” என்பார், எலியிடம்.

தோட்டத்தில் பூண்டும் பீன்ஸும் போட்டிருந்த பெரியசாமிக்கு இது பொறுக்கவில்லை.

“எம் பேத்திக்கே இன்னும் காது குத்தல. எலிக்குக் குத்திட்டீங்க. மொய் வேற வைக்கணுமா?”

“அடையாளத்துக்குங்க.”

“விடுறதுதான் விடுறீங்க, எம் பங்காளி தோட்டத்துல விடுங்க சார். அங்கதான் வெளச்சல் நல்லா கெடக்கு.”

“பிடிச்ச இடத்துல விட்டாத்தாங்க திரும்ப வர்றாங்களான்னு தெரியும்.”

“வர்றாங்கய்யா, வர்றாங்க! எம் பீன்ஸைக் கேளுங்க, சொல்லும்!”

பூண்டு எடுத்ததும் எல்லாத் தோட்டத்திலும் எலி மருந்து வைப்பதென்று ஊர் முடிவு செய்தது. எலி சார் கூட்டத்தில் எழுந்தபோது எல்லோரும் சிரிக்கத் தயாரானார்கள்.

“மருந்து வைங்க. ஆனா மொதல்ல வரப்புப் புதரை வெட்டுங்க. உண்ணி அதுலதான் இருக்கு. எலி செத்தா உண்ணியோட பசி போயிடாது. களை எடுக்கற பொம்பளைங்க மேல ஏறும். உண்ணிக் காய்ச்சல் வரும்.”

“புதர் வெட்ட ஆள் எங்க கெடக்கு? இவருக்கு எலி மேல பாசம்” என்றார் பெரியசாமி. கூட்டம் கலைந்தது.

மறுநாள் எலி சாரே அரிவாளோடு பெரியசாமியின் வரப்பில் இறங்கினார். பூச்சி அண்டாமல் உடம்பில் தடவும் களிம்பு, முழுக்கைச் சட்டை, வேலை முடிந்ததும் குளியல் என்று விதிமுறைகளை வரிசையாகச் சொன்னேன். “பூண்டு எடுக்கறதுக்குள்ள வெரசா முடிக்கணுங்க” என்று சொல்லிவிட்டு வெட்டிக்கொண்டே இருந்தார்.

காய்ச்சல் அவருக்கே வந்தது. கொடைக்கானல் ஆஸ்பத்திரியில், நடுங்கிக்கொண்டே சட்டையைக் கழற்றி அக்குளைக் காட்டினார். சிகரெட்டால் சுட்டதுபோல் ஒரு கறுப்புப் பொருக்கு.

“உண்ணி கடிச்ச எடம். எவ்வளவு தெளிவா வந்திருக்கு பாருங்க! பக்கத்துல ஸ்கேல் வச்சு ஒரு போட்டோ எடுங்க.”

டாக்டருக்கு மாத்திரை எழுதும் வேலை மட்டுமே மிஞ்சியது.

பெரியசாமி ஒரு பை கேரட்டோடு பார்க்க வந்தார்.

“எலி கடிச்சிருச்சா சார்?”

“அவங்க கடிக்கலைங்க. உங்க வரப்புல இருந்த உண்ணி.”

பெரியசாமி அந்தப் பொருக்கையே பார்த்தார். “எம் வீட்டுக்காரி அங்கதானய்யா உக்காந்து களை எடுக்கா” என்றவர், அடுத்த பஸ்ஸுக்கே ஓடினார்.

ஊரில் எல்லா வரப்பும் மொட்டையானது. பங்காளியின் வரப்பைப் பெரியசாமியே நின்று வெட்டவைத்தார். அதற்குப் பிறகுதான் மருந்து வைத்தார்கள். தோட்டத்துப் பெண்கள் ஒருவருக்கும் காய்ச்சல் வரவில்லை.

உடம்பு தேறித் திரும்பிய எலி சார், செத்த எலிகளை இடுக்கியால் ஒவ்வொன்றாக வாளியில் எடுத்து வைத்தார். “நல்லா ஒத்துழைச்சாங்க” என்றார், வாளியைப் பார்த்து. குரல் இறங்கியிருந்தது.

செத்த எலியை எவ்வளவு ஆழத்தில் புதைக்க வேண்டும் என்ற விதி எனக்குத் தெரியும். அன்று அவரோடு நின்று, அதைவிட ஆழமாகவே தோண்டினேன்.