தாய்மாமனைத் திருடனாக்கிய பெருவிரல்

எனக்குச் சந்தேகப் புத்தி. குழம்பில் உப்பு கூடினால்கூட யார் போட்டது என்று வீட்டில் விசாரணை வைப்பேன். அப்படிப்பட்டவளிடம், ரப்பர் தோட்டத்துச் சம்பளம் இனி பேங்குக்குத்தான் போகும், போனிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். (போனுக்குள் போன காசை யார் கண்டது?)

தம்பி செல்வம்தான் போனில் பேங்க் ஆப்பைப் போட்டுத் தந்தான். ரப்பர் மரத்தில் பால் வெட்டிவிட்டு வந்த கையோடு பெருவிரலைப் பதிந்தேன். ரகசிய எண்ணை அவன் பார்த்துவிடாமல் முந்தானைக்குள் போனை வைத்துப் போட்டேன். மறக்காமலிருக்கத் தாளில் எழுதினேன். அப்புறம் அந்தத் தாளை எவனாவது எடுத்துவிடுவானோ என்று பயந்து அடுப்பில் போட்டேன். அவ்வளவு புத்திசாலி!

மகள் பெரியவளானாள். சடங்குக்கு முதல் நாள், தலை முழுகி, கையெல்லாம் தேய்த்துக் கழுவி, செல்வத்தோடு ருவான்வெல்லை பஜாருக்குப் போனேன். விருந்துச் சாமான் எல்லாம் மூட்டை கட்டியாயிற்று. விரலை வைத்தால் ஆப் திறக்கவில்லை. துடைத்து வைத்தேன். ஊதி வைத்தேன். ம்ஹும். அடுப்பில் போட்ட எண்ணும் நினைவுக்கு வரவில்லை.

"டேய், ஒன் விரலையில்ல பதிஞ்சி வெச்சிருக்க! எங் காசு எங்கடா?" கடையே திரும்பியது.

"என்னையவா அக்கா கேக்குறீங்க?" செல்வத்தின் முகம் சுண்டிப்போனது. "திருடன் ஒங்க மகளுக்கு மாலை போட வேணாம்." விறுவிறுவென்று போய்விட்டான்.

தாய்மாமன் இல்லாமல் சடங்கா?

கடை முதலாளி சிங்களவர். ரப்பர் ஷீட்டும் வாங்கி விற்பவர். என் விரலையே உற்றுப் பார்த்தார்.

"அக்கே, விரல் வெச்ச நாள் கைல ரப்பர் பால் காஞ்சி இருந்திச்சா?"

இருந்தது. என் கையில் என்றைக்குத்தான் இல்லை? நான் பதிந்தது ரேகையை அல்ல, அதன்மேல் காய்ந்த பால் தோலை! அவரே கடைக்குப் பின்னாலிருந்த ரப்பர் மரத்தைக் கீறி, சிரட்டையில் கொஞ்சம் பால் கொண்டுவந்தார். தடவி, காயவிட்டு வைத்தேன். ஆப் திறந்தது. சம்பளம் அப்படியே இருந்தது. சந்தோஷமா வந்தது? நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

நேரே செல்வத்தின் வீட்டு வாசலுக்குப் போய், "தப்பு எம் மேலதான்டா, வந்துருடா" என்று அழுதேன். அவன் கதவைத் திறக்கவேயில்லை.

மறுநாள் மாலையோடு வந்தான். ஆனால் உள்ளே வரவில்லை. சனமெல்லாம் பார்க்க, வாசலில் நின்று பத்து விரலையும் விரித்தான்.

"நல்லா சோதிச்சுப் பாத்துட்டு உள்ள விடுங்க அக்கா."

இன்றும் எங்கள் வீட்டு விசேஷம் எதற்கு வந்தாலும் இதையேதான் செய்கிறான். எல்லாரும் சிரிக்கிறார்கள். நானும் சிரிக்கிறேன். நான் போய் அவன் கையைப் பிடித்து அழைத்துவரும்வரை அவன் விரலை மடக்குவதில்லை.