சகலை வீட்டு வெள்ளைப் பெட்டி

அன்பும் மரியாதையும் நிறைந்த மாமா அவர்களுக்கு,

உங்கள் மூத்த மாப்பிள்ளை பணிவுடன் எழுதுவது. இங்கு நானும் உங்கள் பெரிய மகளும் பிள்ளைகளும் நலம் என்று எழுதுவதுதான் முறை, எழுதிவிட்டேன். உங்கள் மூட்டு வலியும் அத்தையின் இருமலும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். குளிர்காலம் பிறந்தால் நீங்களும் அத்தையும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வருவதுதான் கல்யாணம் ஆன நாளிலிருந்து வழக்கம். இந்த வருஷம் சின்ன மகள் வீட்டில் தங்கப் போகிறீர்களாம். அதையும் என்னிடம் நேரே சொல்லாமல், “மாப்பிள்ளைகிட்ட பக்குவமா சொல்லும்மா” என்று உங்கள் மகளிடம் சொல்லியிருக்கிறீர்கள். அவள் பக்குவமாகத்தான் சொன்னாள். நான்தான் பக்குவமாகக் கேட்கவில்லை.

காரணம் எனக்குத் தெரியாதா மாமா? எல்லாம் அந்த வெள்ளைப் பெட்டி. அரசாங்க மானியத்தில் என் சகலை வீட்டுச் சுவரை ஒட்டி வைத்திருக்கிற ஹீட் பம்ப். வெளியே நடுங்க வைக்கிற காற்றிலிருந்தே சூட்டை உறிஞ்சி உள்ளே அனுப்புமாம். அவருக்கென்று பார்த்துப் பார்த்துக் கண்டுபிடித்திருக்கிறார்கள். பெட்டி வந்த மறுநாளே வெறும் பனியனோடு ஹாலில் நின்று ஒரு படம் எடுத்து, குடும்பக் குழுவில் போட்டு, கீழே “அரசாங்கத்துக்கு நன்றி” என்று எழுதினார். அதை நான் ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டரும் அதற்கு மேல் உங்கள் மகளின் சால்வையும் போர்த்திக்கொண்டு பார்த்தேன். நீங்கள் உடனே கைதட்டல், பூங்கொத்து, பட்டாசு என்று வரிசையாகப் போட்டீர்கள். எனக்குப் பதவி உயர்வு வந்த செய்திக்கு ஒரே ஒரு கைகூப்போடு நிறுத்திக்கொண்டீர்கள். நான் குறை சொல்லவில்லை, நினைவில் இருக்கிறது, அவ்வளவுதான்.

எனக்கு வயிறு எரிகிறது மாமா, மறைப்பானேன்? அந்த எரிச்சலை ஒரு குழாயில் விட்டால் எங்கள் தெரு முழுவதும் கதகதப்பாக இருக்கும். அந்தப் பெட்டி கடமுடா என்று சத்தம் போடும், அக்கம்பக்கம் சண்டைக்கு வரும் என்று ரொம்ப நம்பியிருந்தேன். ஒருநாள் மச்சினியைப் பார்க்கிற சாக்கில் போய் பெட்டிமேல் காதை வைத்தே கேட்டேன். தூங்குகிற பூனை அளவுக்குக்கூடச் சத்தம் இல்லை. சகலை ஜன்னலைத் திறந்து, “அண்ணா, வெளியே ஏன் நிக்கறீங்க, உள்ள வாங்க, சூடா இருக்கு” என்றார். என்ன திமிர் பாருங்கள்.

அவருக்குக் கிடைக்கிற மானியம் எனக்குக் கிடைக்காதா என்று நானும் விண்ணப்பித்தேன். வீட்டைச் சூடாக்குகிற பழைய பாய்லரைக் கழற்றிவிட்டுத்தான் புதியதை மாட்டுவார்கள் என்று சகலை ஒரு பேச்சில் சொல்லியிருந்தார். அவருக்கு எல்லாம் முடிய ஒரு பருவமே ஆயிற்று, நான் முந்திக்கொள்ள வேண்டாமா? பிளம்பரை வரவழைத்தேன். அவர் ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டு, “உத்தரவு வந்துடுச்சா சார்?” என்று கேட்டார். “வந்த மாதிரிதான், நீங்க கழட்டுங்க” என்றேன். கழற்றினார். பழைய இரும்புக்காரர் வந்து வண்டியில் ஏற்றிக்கொண்டு போயே போய்விட்டார்.

அடுத்து, வீட்டைப் பார்க்க மானிய அலுவலகத்து அம்மா வருவதாகத் தகவல் வந்தது. விசாரித்தால், சகலை வீட்டைப் பார்த்ததும் அதே அம்மாதான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இவர் அந்த வீட்டையும் பார்த்தவர், இந்த வீட்டையும் பார்ப்பார், மனசுக்குள் ஒப்பிட்டுப் பார்க்காமலா இருப்பார்? எதிர் வீட்டுத் தையல்காரரிடம் ஒரு மின்சார ஹீட்டர், மாடியில் குடியிருக்கும் பாட்டு டீச்சரிடம் ஒன்று, ஆபீஸ் காவலாளியிடம் கெஞ்சி ஒன்று என்று இரவல் வாங்கி, இரவல் என்று தெரிந்தால் மானம் போகுமே என்று சோபாவுக்குப் பின்னால், கட்டிலுக்கு அடியில், துணி அலமாரிக்குள் ஒளித்து வைத்து, கதவிடுக்கில் எல்லாம் துண்டைத் திணித்து, அடுப்படியில் ஓவனைத் திறந்து ஓடவிட்டேன். உங்கள் மகள் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, “ஏங்க, வீடு குளிருதான்னு பாக்கத்தானே அவங்க வர்றாங்க?” என்று கேட்டாள். “வர்றவங்ககிட்ட நம்ம வீடு குளிருதுன்னு காட்டுவாங்களா? நாளைக்கு உன் தங்கச்சி வீட்டுல போய்ச் சொன்னா என் மரியாதை என்ன ஆகறது?” என்றேன். அவள் தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அந்த அம்மா வந்தார். வாசலிலேயே கோட்டைக் கழற்றினார், ஹாலில் கழுத்துத் துணியை அவிழ்த்தார், படுக்கையறைக்கு வருவதற்குள் கையிலிருந்த காகிதங்களால் விசிற ஆரம்பித்துவிட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. “பாய்லர் எங்க சார்?” என்றார். “கழட்டிட்டோம் மேடம்.” “பாய்லரே இல்லாம வீடு இவ்வளவு சூடாவா இருக்கு? நான் பாத்ததுலயே கதகதப்பான வீடு இதுதான்.” “என் சகலை வீட்டை விடவா?” என்று கேட்டேன். “அதை விடவே” என்றார். மாமா, என் வாழ்நாளில் அப்படி ஒரு சந்தோஷம் வந்ததில்லை. அன்று முழுக்கப் பாடிக்கொண்டே இருந்தேன்.

பதில் வந்தது. பாய்லர் கூட இல்லாமலே இயற்கையாகச் சூடாக இருக்கிற வீட்டுக்கு மானியம் தேவைப்படாதாம். பாராட்டு வேறு தெரிவித்திருக்கிறார்கள். அதற்குள் தையல்காரரும் டீச்சரும் காவலாளியும் அவரவர் ஹீட்டரைத் திருப்பி வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

அதனால் என்ன? பாய்லர் இல்லாவிட்டால் குடிமுழுகிப் போகுமா? உடம்புக்குக் கொஞ்சம் குளிர் நல்லது. சகலை வீட்டுச் சூட்டில் உட்கார்ந்தால் அத்தைக்குத் தலைவலி வரும், சொல்லிவிட்டேன். வழக்கம்போல எங்கள் வீட்டுக்கே வாருங்கள். நீங்கள் எப்போதும் படுக்கும் அறையைத் துடைத்து வைத்திருக்கிறேன். போர்வை ஒன்று கூடுதலாகக் கொண்டு வந்தால் நல்லது, முடிந்தால் இரண்டு, அத்தைக்குத் தனியாக. நான் மூத்த மாப்பிள்ளை. எனக்கென்று இருந்த பெருமை நீங்கள் குளிருக்கு என் வீட்டுக்கு வருவது ஒன்றுதான். அதையும் ஒரு பெட்டி கொண்டுபோனால் நான் யாரிடம் போய்ச் சொல்லுவேன்?

அத்தைக்கு என் வணக்கங்கள். பிள்ளைகள் உங்கள் ஆசியைக் கேட்கிறார்கள். சின்ன மாப்பிள்ளையும் உங்களை மிகவும் விசாரித்ததாக எழுதச் சொன்னார். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

என்றும் உங்கள் பாசத்தை எதிர்பார்க்கும்,
மூத்த மாப்பிள்ளை

பின்குறிப்பு: சின்ன மாப்பிள்ளை எப்போது எழுதச் சொன்னார் என்று நீங்கள் கேட்பீர்கள். இப்போதுதான். காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, “மாமாவுக்கா அண்ணா? நானும் விசாரிச்சதா ஒரு வரி போட்டுடுங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். எங்கள் வீட்டுக் குழாயில் தண்ணீர் உறைந்து போனதும் அவரே காரோடு வந்து, பிள்ளைகளின் புத்தகப் பையைக்கூட மறக்காமல் எடுத்து வைத்து, எங்கள் எல்லோரையும் இங்கே கூட்டி வந்துவிட்டார். ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை. காட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும். நான் இப்போது பனியனோடுதான் உட்கார்ந்து எழுதுகிறேன் மாமா. ஆகவே மேலே எழுதியதை எல்லாம் விட்டுவிடுங்கள். எங்கள் வீட்டுக்கும் வர வேண்டாம், இங்கேயும் இப்போதைக்கு வர வேண்டாம், வெயில் வந்த பிறகு சாவகாசமாக வாருங்கள். இங்கே விருந்தினருக்கு என்று இருப்பது ஒரே அறை, அதில் நாங்கள் இருக்கிறோம். நீங்கள் வந்தால் அவருடைய அறையை எங்களுக்குக் கொடுத்துவிட்டு ஹாலில் படுத்துக்கொள்வாராம். சொன்னபடி செய்தும் விடுவார், அப்படிப்பட்ட மனுஷன் அவர். அதைத்தான் என்னால் தாங்க முடியாது.