டொக்கு அண்ணாச்சி தட்டிப் பார்த்த வெடிகுண்டு

தூத்துக்குடியில் டொக்கு அண்ணாச்சியின் சுத்தியல் படாத பொருள்கள் இரண்டே இரண்டு. ஒன்று கடல், தட்டினால் சத்தம் வராது. இன்னொன்று மாதா கோயில் மணி. அது அவருக்கு எட்டாது.

துறைமுகத்தில் கப்பல்களின் துருவைத் தட்டி எடுக்கும் வேலை பார்த்தவர். முப்பது வருஷம் இரும்பைத் தட்டித் தட்டி, எதையும் தட்டிப் பார்க்காமல் நம்புவதில்லை என்ற முடிவுக்கு வந்திருந்தார். இடுப்பில் எப்போதும் ஒரு சின்னச் சுத்தியல். தட்டுவார், தலையைச் சாய்த்துக் கேட்பார், தீர்ப்புச் சொல்வார். ஒருநாள் டீக்கடையில் என் கண்ணாடித் தம்ளரைத் தட்டி, "விரிசல்" என்றார். கடைக்காரர் சிரித்தார். இரண்டாவது மடக்கில் பாதித் தம்ளர் என் கையிலும், டீ முழுவதும் என் வேட்டியிலும் இருந்தன. ஒரு கல்யாணத்தில் சீர்வரிசை அண்டாவைத் தட்டி, "பித்தளை இல்ல, பூச்சு" என்று சொல்லிவிட்டுப் பந்தியில் உட்கார்ந்தார். அவர் பாயசத்துக்கு வருவதற்குள் மாப்பிள்ளை வீட்டாரில் பாதிப்பேர் பஸ் ஏறிவிட்டார்கள்.

வங்காளதேசச் சண்டை முடிந்து நாலைந்து மாதம் இருக்கும். எனக்குக் கல்யாணமாகி ஆறு மாதம். மகளை நான் வைத்திருக்கும் லட்சணத்தைப் பார்க்க, மணப்பாட்டிலிருந்து மாமியார் முதல் தடவையாக வந்திருந்தார். ஒரு தென்னங்கன்றும் இரண்டு கண்களும் கொண்டு வந்தார். கன்றை என் கையில் தந்தார். கண்களை என்மேல் வைத்தார்.

மறுநாள் காலை, மருமகனின் உழைப்பைக் காட்டுவதற்காகப் பின்முற்றத்தில் குழி வெட்டினேன். இரண்டடி ஆழத்தில் மண்வெட்டி 'ணங்' என்றது. புதையல்! மனத்துக்குள் மாடி வீடு கட்டிவிட்டேன். கையால் மண்ணைத் தள்ளினேன். பெரிய பூசணிக்காய் அளவுக்கு ஓர் இரும்பு உருண்டை. உச்சியில் ஒரு வளையம்.

மாடி வீடு இடிந்தது. நான் வேலை பார்த்த கப்பல் ஏஜெண்டு ஆபீசில் அப்போது, சண்டையில் கடலில் போட்ட கண்ணிவெடியைப் பற்றித்தான் ஓயாத பேச்சு. இரும்புப் பந்து, மேலே ஒரு வளையம், தொட்டால் கப்பலே காலி என்று, கப்பலில் காலே வைக்காத ஒரு கிளார்க் எல்லோருக்கும் விளக்கியிருந்தான். அந்தக் கிளார்க் நான்தான்.

அடுத்து எனக்கு நினைவிருப்பது தெருமுனை. ஒரு காலில் செருப்பு இருந்தது. கையில், கப்பலில் வேலை பார்க்கும் மாமனார் கல்யாணத்துக்குத் தந்த டிரான்சிஸ்டர் இருந்தது. மனைவி பிலோமினாவும் மாமியாரும் அடுக்களையில் மீன் பொரித்துக்கொண்டிருந்தார்கள் என்பது அப்போதுதான் உறைத்தது. திரும்பிப் போய்க் கூப்பிட வேண்டும் என்று மனம் சொன்னது. கால் கேட்கவில்லை.

எதிரே டொக்கு அண்ணாச்சி வந்தார். மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது. கை இடுப்புக்குப் போனது.

"அண்ணாச்சி, தட்டிராதிய."

"தட்டாம அது என்னன்னு எப்படிலே தெரியும்?"

"தெரியவே வேண்டாம் அண்ணாச்சி."

அவர் என் வீட்டுக்குள் போய்விட்டார். நான் தெருக்குழாய்க்குப் பின்னால் குந்தி, டிரான்சிஸ்டரை நெஞ்சோடு அணைத்துக் கண்ணை மூடிக்கொண்டேன்.

டொக்.

மாதாவை வேண்டும் அருள்நிறை மந்திரத்தைப் பாதியில் மறந்தேன்.

டொக். டொய்ங்ங்.

பிறகு சத்தமே இல்லை. மீன் பொரிக்கிற வாசனை மட்டும் வந்தது. செத்தபின் மோட்சத்தில் சீலா மீன் பொரிப்பார்கள் போலும் என்று நினைத்தபோது, "ஏலே, வாலே இங்கன" என்று குரல் கேட்டது.

போய்ப் பார்த்தால், அண்ணாச்சி உருண்டையை மேலே உருட்டி வைத்து அதன்மேலேயே உட்கார்ந்து மீன் தின்றுகொண்டிருந்தார். முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், கடலுக்கடியில் சிப்பி கிடக்கும் பாரின் எல்லையைக் காட்டச் சங்கிலியில் கட்டி மிதக்கவிட்ட மிதவை அது. அதுபோல எத்தனையோ மிதவைகளுக்கு அவரே துருத் தட்டிச் சாயம் அடித்திருக்கிறாராம். எவனோ வீட்டுக்கு உருட்டிக்கொண்டு வந்து, பிறகு போலீசுக்குப் பயந்து புதைத்திருக்கிறான்.

"குண்டுன்னா சத்தம் அடைச்சு வரும்லே. இதுக்குள்ள வெறும் காத்து. உன்னய மாதிரி."

சிரித்திருப்பேன். ஆனால் அடுக்களை வாசலில் மாமியார் நின்றார். பின்னால் பிலோமினா.

"மாப்பிள, குண்டுன்னு நெனச்சு, எங்கள உள்ள விட்டுட்டு, ரேடியோவத் தூக்கிட்டுப் போனியளோ?"

இரும்பு உருண்டை வெடிக்கவில்லையே என்று முதல் தடவையாக வருந்தினேன். மகளை அன்று மாலை பஸ்ஸிலேயே கூட்டிப்போய்விடும் பார்வை அது.

அண்ணாச்சி முள்ளை ஓரமாக வைத்தார். "அவரு எங்க ஓடினாரு? நாந்தான் வெளிய நிப்பாட்டினேன். கப்பல் டாங்கிக்குள்ள ஒருத்தன் தட்ட எறங்கினா, மேல வாயில ஒருத்தன் நின்னே ஆகணும். உள்ள உள்ளவனுக்கு ஒண்ணுன்னா சொல்ல ஆளு வேணும்லா. அது துறைமுகத்துச் சட்டம்."

"அதுக்கு ரேடியோ எதுக்கு?"

அண்ணாச்சி அரை நொடி யோசித்தார். "வெடிச்சா சேதியில சொல்லுவான்லா."

கப்பல்காரர் வீட்டு மாமியார் துறைமுகச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டார். எனக்கு நடுத்துண்டு மீன் கிடைத்தது. பிலோமினா நம்பவில்லை. அன்றுமுதல் எங்கள் வீட்டில் அந்த டிரான்சிஸ்டருக்கு 'மூத்தவ' என்று பெயர்.

ஏழெட்டு வருஷம் கழித்து அண்ணாச்சிக்குக் குடலிறக்கத்துக்கு ஆபரேஷன். ஆள் என்று சொல்ல அவருக்கு யாரும் இல்லை. ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டுப் போனேன். எதுக்குலே வந்தே என்றார். துறைமுகச் சட்டம் அண்ணாச்சி என்றேன்.

சுத்தியலை நர்ஸ் பிடுங்கி வைத்திருந்தார். தள்ளுவண்டியில் படுத்தபடியே அண்ணாச்சி விரலை மடக்கி என் நெஞ்சில் இரண்டு தட்டுத் தட்டினார். தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"வெறும் காத்து இல்லலே" என்றார்.

அவரை உள்ளே தள்ளிக்கொண்டுபோய்க் கதவை மூடினார்கள். நான் வெளியே நின்றேன்.