அறுபத்துமூன்று டின் தேயிலை மோந்து குடிக்கப்பட்ட வரலாறு

றொசல்ல ஸ்டேஷனுக்கு மேலே மூன்று மைல் ஏறினால் வருகிற மூங்கிலோடைத் தோட்டத்தில், இரண்டாவது கிளாக்கர் செபஸ்தியாம்பிள்ளையிடம் அறுபத்துமூன்று வகைத் தேயிலை இருந்தது. அவர் குடித்தது அறுபத்துநான்காவது வகை. அதாவது, கொழுந்தை அரைக்கிற ஸ்டோரில் நல்ல தூளையெல்லாம் சலித்துப் பெட்டியில் அடைத்துக் கப்பலுக்கு அனுப்பிய பிறகு சல்லடைக்கு அடியில் மிஞ்சுகிற தூசி. துரையைத் தவிர தோட்டத்தில் எல்லோரும் குடித்தது அதைத்தான். மாதம் ஒருமுறை ஆளுக்கு இவ்வளவு என்று அளந்து கொடுப்பார்கள்.

அப்படியானால் அந்த அறுபத்துமூன்றும் எதற்கு என்று கேட்பீர்கள். சேர்ப்பதற்கு. கௌரவமான உத்தியோகத்தர் ஒருவர் எதையாவது சேர்க்காமல் சும்மா இருப்பது அழகல்ல என்ற எண்ணம், வெள்ளைக்காரன் கொடியை இறக்கிவிட்டுப் போன பிறகு ஹட்டன் வட்டாரத்தில் வேகமாகப் பரவியிருந்தது. பெரிய கிளாக்கர் றோலண்ட் முத்திரை சேர்த்தார். தோட்டத்து டிஸ்பென்சர் கூழாங்கல் சேர்த்தார். செபஸ்தியாம்பிள்ளை ஒன்பது வருடமாகத் தேயிலை சேர்த்தார். கொத்மலைக்குக் கல்யாணத்துக்குப் போனாலும் சரி, கினிகத்தேனைக்குச் செருப்பு வாங்கப் போனாலும் சரி, அந்தப் பக்கத்துத் தோட்டத்து டீமேக்கரைத் தேடிப் பிடித்து நாலு கைப்பிடி முதல்தரத் தூள் வாங்காமல் திரும்பமாட்டார். வாங்கி வந்ததைப் பால்மா டின்னில் போட்டு, இலக்கமிட்டு, ஒருமுறை மோந்து பார்த்து, கண்ணை மூடி யோசித்து, ‘தனிப்பட்ட அபிப்பிராயம்’ என்று தலைப்பிட்ட கொப்பியில் எழுதுவார்.

‘இல. 17: மழை விட்டபின் கம்பளி காய்கிற வாசனை. தூரத்தில் ஒரு தோடம்பழம் தெரிகிறது.’

‘இல. 41: புது வேட்டி. மரியாதையுள்ள தூள்.’

“கம்பளி காயிற வாசனைக்கு டின்னு எதுக்குங்க? நம்ம கம்பளியே கொடியில தொங்குதே” என்பாள் அவருடைய மனைவி அந்தோனியம்மா. இரசனையில்லாதவள் என்று அவர் மன்னித்துவிடுவார்.

ஒரு தூளையும் அவர் குடித்துப் பார்த்ததில்லை. குடித்தால் குறையும், குறைந்தால் சேகரிப்பு ஆகாது. கூரைத் தகரம் தட்ட வந்த வீரய்யா, அலமாரியில் வரிசையாக நின்ற டின்களை எண்ணிப் பார்த்துத் தலைத்துண்டை அவிழ்த்துக் கும்பிட்டான். “வேதக்காரர் வீட்டுல அறுபத்துமூவரும் இருக்காங்களே!” என்று தொழிலாளர் குடியிருக்கிற லயம் முழுக்கச் சொல்லித் திரிந்தான்.

இப்படி இருக்கையில் கொழும்பிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. தேயிலைச் சுவையறிவு மேம்பாட்டுத் திணைக்களம் என்று ஒன்று இருப்பதே அது வந்த பிறகுதான் தெரிந்தது. ‘தேயிலையை விளைவிக்கும் மக்களே அதன் உயர்ந்த சுவையை அறியாதிருப்பது சுதந்திர நாட்டுக்கு இழுக்காகும். எனவே தங்கள் தோட்டத்தில் நாற்பது தொழிலாளருக்கு முதல்தரத் தேயிலை வழங்கி, அன்னாரின் தனிப்பட்ட அபிப்பிராயங்களை மூன்று பிரதிகளில் பெறுவதற்கு உதவி ஆணையாளர் நேரில் வருவார்.’

தேயிலைக்கான செலவு தோட்டத்தின் தலையில். துரை அதைப் படித்துவிட்டு, ஸ்டோரிலிருந்து ஒரு சிட்டிகை வெளியே போனால் ஆளும் வெளியே போவான் என்று சொல்லியனுப்பினார்.

“அதுக்கென்ன, உங்க வீட்டுலதான் டின்டின்னா இருக்கே” என்றார் றோலண்ட், செபஸ்தியாம்பிள்ளையைப் பார்த்து. “அது தோட்டத்துப் பதிவுலயும் இல்ல, கவர்மெண்டுப் பதிவுலயும் இல்ல. ரொம்பத் தோது.”

செபஸ்தியாம்பிள்ளை மனதுக்குள் கணக்குப் போட்டார். நாற்பது பேர், நாற்பது கோப்பை. ஒன்பது வருடம் ஒரே காலையில் தொண்டைக்குள் இறங்கிவிடும். அன்றைக்கு அவர் சோறு தின்னவில்லை. அந்தோனியம்மா தூசித் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். அதை மட்டும் இரண்டு கோப்பை குடித்தார்.

குறித்த நாளில் உதவி ஆணையாளர் முத்துலிங்கம் வந்து சேர்ந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், கோட்டும் குடையும் கடிகாரமுமாக இருந்தார். காலையில் ஆட்கள் கூடி வேலை பிரித்துக்கொள்கிற பெரட்டுக் களத்தில், நாற்பது பேர் ஆளுக்கொரு கோப்பையோடு வரிசையில் நின்றார்கள். ஓரத்தில் வெந்நீர் கொதித்துக்கொண்டிருந்தது. செபஸ்தியாம்பிள்ளை டின்கள் அடுக்கிய பெட்டியைப் பிள்ளையை அணைப்பதுபோல் அணைத்துக்கொண்டு நின்றார்.

“நாப்பது பேரும் குடிச்சு முடிக்க எவ்வளவு நேரம் செல்லும்?” என்று முத்துலிங்கம் கடிகாரத்தைப் பார்த்தார். “எனக்குப் பத்தேமுக்காலுக்கு றொசல்ல ஸ்டேஷனிலை கோச்சி.”

“மத்தியானம் தாண்டிரும் சேர்” என்றார் செபஸ்தியாம்பிள்ளை. அந்த நொடியில் அவருக்கு மூளை விழித்துக்கொண்டது. “சேர், கொழும்புல பெரிய பெரிய சுவைபாக்கிறவங்க தேயிலையைக் குடிக்கிறதே இல்ல. வாயில வச்சுத் துப்பிருவாங்க. அதைவிட உசந்த முறை ஒண்ணு இருக்கு. மோந்து பாக்குறது. நான் ஒன்பது வருஷமா அப்படித்தான்.”

முத்துலிங்கம் நெற்றியைத் தடவினார். “துப்புறதிலும் பாக்க இது சுகாதாரமாயும் கிடக்கு. சரி, தொடங்கும்.”

முதலில் வந்தவள் அம்மாக்கண்ணு. கொழுந்து எடுப்பதில் தோட்டத்திலேயே கெட்டிக்காரி. வாய் அதற்கும் மேலே. தூளை உற்றுப் பார்த்துவிட்டு டின்னுக்குள் மூக்கை விட்டாள்.

“என்ன தெரியுது?” என்று கேட்டார் முத்துலிங்கம்.

“எங்க மலைக் கொழுந்து இல்லீங்க. வெயில் மலை. முத்தின எலைய சேத்து எடுத்திருக்கா. கங்காணி பாக்கலபோல.”

“அதெல்லாம் படிவத்திலை எழுத ஏலாது. ரெண்டு கட்டம்தான் கிடக்கு. திருப்தியோ, மிகுந்த திருப்தியோ?”

“தண்ணி ஊத்துவீங்களாங்க?”

“ஊத்தினால் அபிப்பிராயம் மாறிப்போகும்.”

“அப்ப பெரிசையே போட்டுக்கங்க” என்று அம்மாக்கண்ணு வெறுங்கோப்பையோடு நகர்ந்தாள்.

வீரய்யாவுக்கு ஒரு வாரமாகச் சளி. மூக்கில் காற்றே ஏறவில்லை. அவனுக்குத் ‘திருப்தி’ என்று போட்டார்கள். மற்ற முப்பத்தொன்பது பேருக்கும் மிகுந்த திருப்தி. ஒவ்வொரு படிவத்தின் அடியிலும் ‘சரியெனக் கண்டேன்’ என்று செபஸ்தியாம்பிள்ளை கையெழுத்திட்டார். கோச்சிக்கும் நேரம் சரியாக இருந்தது. அன்று சாயந்தரம் அவர் டின்களை ஒவ்வொன்றாகத் துடைத்து அலமாரியில் ஏற்றிவிட்டு, அந்தோனியம்மா பார்க்காத நேரத்தில் இரண்டு அடி ஆடினார்.

இரண்டு மாதத்தில் அடுத்த சுற்றறிக்கை வந்தது. ‘மேற்படி தோட்டத்து நாற்பது தொழிலாளரும் முகர்ந்த மாத்திரத்தில் திருப்தியுற்றமை எழுத்துமூலம் நிறுவப்பட்டுள்ளது. எனவே முகர்தல் குடித்தலுக்குச் சமம். இனிமேல் தொழிலாளருக்குத் தூசித் தேயிலை வழங்கத் தேவையில்லை. பதிலாக ஞாயிறுதோறும் முதல்தரத் தேயிலை முகரக் கொடுக்கப்படும். அதற்கென அறுபத்துமூன்று டின்களும் அரசாங்க முத்திரையிடப்படும். திரு. செபஸ்தியாம்பிள்ளை கௌரவ முகர்வு அதிகாரியாக நியமிக்கப்படுகிறார்.’

அவர் அந்தக் கடைசி வரியை மட்டும் ஐந்து முறை படித்தார். பெயர்ப்பலகை எழுதி வீட்டு வாசலில் மாட்டினார்.

மறுநாள் பெரட்டில் அம்மாக்கண்ணு அவரிடம் வந்தாள். “ஐயா, மோந்தாக் குடிச்ச மாதிரின்னு கவர்மெண்டு சொல்லிருச்சுங்களா?”

“ஆமா. எழுத்துல இருக்கு.”

“சீல் குத்தியிருக்குங்களா?”

“ரெண்டு சீல்.”

“சரிங்க” என்று கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு மலையேறினாள். மற்றப் பெண்களும் அவள் பின்னால் ஏறினார்கள். சாயந்தரம் கொழுந்து நிறுக்கிற இடத்துக்கு நூற்றிருபது பேரும் வரிசையாக வந்தார்கள். நூற்றிருபது கூடையும் காலி.

“கொழுந்து எங்க?” என்று கத்தினார் றோலண்ட்.

“மலையிலதாங்க இருக்கு. மோந்துட்டு வந்துட்டோம்” என்றாள் அம்மாக்கண்ணு. “மூணாம் நம்பர் மலை மிகுந்த திருப்தி. அஞ்சாம் நம்பர் திருப்திதான். எனக்கு முப்பது றாத்தல் போட்டுக்கங்க.”

கணக்கப்பிள்ளை என்ன செய்வதென்று தெரியாமல் வெறுங்கூடையைத் தராசில் மாட்டிப் பார்த்தார். மூன்று நாள் இப்படியே போயிற்று. ஸ்டோரில் இயந்திரங்கள் காற்றை அரைத்தன. துரை கொழும்புக்குத் தந்திக்கு மேல் தந்தி அடித்தார். நாலாம் நாள் முத்துலிங்கம் மறுபடி வந்தார்.

விசாரணை றோலண்டின் அறையில் நடந்தது. குற்றம் எங்கே என்று கண்டுபிடிக்க வேண்டும். சுற்றறிக்கையில் இருக்க முடியாது. சுற்றறிக்கை பிழை விட்டதாக வரலாறு இல்லை. ஒரு மணி நேரம் யோசித்தபின் முத்துலிங்கத்தின் முகம் மலர்ந்தது.

“முகர்ந்தால் குடிச்சதுக்குச் சமம், என்ன? அப்ப இந்தத் தேயிலையை நாப்பது பேர் ஏற்கெனவே குடிச்சாச்சு. குடிச்ச தேயிலை சக்கை. அரசாங்க முத்திரை குத்தின டின்னுக்குள்ளை சக்கை கிடந்தால் குழப்பம் வராமல் என்ன செய்யும்? எல்லாத்தையும் எருக்குழியிலை கொட்டும்.”

செபஸ்தியாம்பிள்ளை மேசைக்கு முன்னால் வந்து நின்றார். “சேர், அது சக்கையில்ல சேர்! ஒருத்தரும் ஒரு சொட்டுக் குடிக்கல!”

“குடிக்கேல்லை எண்டால் நாப்பது படிவமும் பொய். அதிலை கிடக்கிறது ஆருடைய கையெழுத்து?”

அவர் பெட்டியை எடுத்துவரப் போனார்.

பெட்டி எருக்குழிக்குப் போகிற வழியில் அம்மாக்கண்ணு குறுக்கே வந்து நின்றாள். “குழியில கொட்டுறத அண்டாவுல கொட்டுங்களேன்.” சக்கைக்கு வெந்நீர் ஊற்றுவதை எந்த விதியும் தடுக்கவில்லை என்று முத்துலிங்கம் அனுமதித்தார். வீரய்யா ஓடிப்போய்க் கோயில் அண்டாவைத் தூக்கி வந்தான். தண்ணீர் கொதித்தது. செபஸ்தியாம்பிள்ளை ஒவ்வொரு டின்னாகத் திறந்து, இலக்கத்தை உரக்கச் சொல்லிச் சொல்லி, அண்டாவில் கவிழ்த்தார். நாற்பத்தொன்று வந்தபோது டின்னைக் கீழே வைத்துவிட்டார். மிச்சத்தை றோலண்ட் கவிழ்த்தார். பழைய நாற்பது பேருக்கும் கோப்பை நிறைய ஊற்றினார்கள். செபஸ்தியாம்பிள்ளைக்கும் ஒன்று கொடுத்தார்கள்.

அவர் ஒரு வாய் குடித்தார். தகர வாசனை வந்தது. பூச்சிக்காக அலமாரியில் போட்டிருந்த ரசகற்பூர உருண்டை வந்தது. தேயிலை வரவே இல்லை. ஒன்பது வருடத்தில் அது எப்போதோ செத்துப் போயிருந்தது. கம்பளியும் தோடம்பழமும் இத்தனை காலமாகக் கொப்பியில்தான் இருந்திருக்கின்றன. அவருக்கு உட்கார்ந்து அழ வேண்டும்போல் இருந்தது.

பிறந்ததிலிருந்து முதல்முதலாக முதல்தரத் தேயிலை குடித்த நாற்பது பேரும் கோப்பைக்குள் எட்டிப் பார்த்தார்கள்.

“இதத்தான் சீமையில தொரைமாருங்க குடிக்கிறாங்களா?” என்று கேட்டாள் அம்மாக்கண்ணு.

“இதைத்தான்” என்றார் முத்துலிங்கம்.

“அட பாவமே!”

“அவ்வளவு காச வச்சுக்கிட்டு இந்தக் கதியா?” என்று வீரய்யா உண்மையாகவே கண்கலங்கினான். “அவங்களுக்கு நம்ம தூசியக் கொஞ்சம் அனுப்பக் கூடாதுங்களா? இதுக்கு அது நூறு பங்கு தேவலை.”

நாற்பது பேரும் ஆமாம் என்றார்கள். முத்துலிங்கம் மும்முரமாக எழுதினார். முதல்தரத்தைவிடத் தூசி உயர்ந்தது. எனவே மக்கள் கேட்பது உயர்ந்த பொருளை. எனவே மறுபடி கொடுக்கலாம். எனவே முந்தின சுற்றறிக்கையும் பிழையில்லை. எல்லாம் அழகாகப் பொருந்தியது. நிமிர்ந்து கேட்டார்: “முகர்வு அதிகாரி என்ன சொல்லுறீர்? தூளிலை ஏதும் பழுதோ?”

ஒரே ஒரு வாக்கியம் போதும். ‘நான் வைத்திருந்து கெடுத்துவிட்டேன் சேர்’ என்று சொன்னால் போதும். ஆனால் அப்படிச் சொன்னால் அறுபத்துமூன்று டின்னும் கொப்பியும் ஒன்பது வருடமும் குப்பை என்றாகிவிடும். தம்முடைய டின் கெட்டுப்போனது என்பதைவிட, நாட்டின் தேயிலையே மட்டம் என்பது செபஸ்தியாம்பிள்ளைக்குத் தாங்கக்கூடியதாக இருந்தது.

“பழுது ஒண்ணுமில்ல சேர். முதல்தரம் இப்படித்தான் இருக்கும்” என்று மூன்று பிரதியிலும் கையெழுத்திட்டார்.

மறுநாள் பெண்கள் நிறைந்த கூடையோடு இறங்கினார்கள். எல்லோருக்கும் சந்தோஷம். மூன்றாவது சுற்றறிக்கை வரும்வரை அது நீடித்தது. ‘தூசித் தேயிலையே உயர்ந்ததென நாற்பது அனுபவஸ்தர்களும் ஒரு முகர்வு அதிகாரியும் உறுதிசெய்துள்ளனர். உயர்ந்த தேயிலை தோட்டத்தில் தங்கக்கூடாதென்பது நெடுநாளைய ஏற்பாடாகையால், இனித் தூசி முழுவதும் ஏற்றுமதி செய்யப்படும். உத்தியோகத்தர் உட்பட எவருக்கும் வழங்கலாகாது.’

பெட்டிகள் றொசல்ல ஸ்டேஷனுக்கு இறங்கின. தோட்டம் முழுக்க வெந்நீர் குடிக்கத் தொடங்கியது. அந்தோனியம்மா வெந்நீர்க் கோப்பையைக் கணவர் முன்னால் வைப்பாள். வைக்கிற சத்தம் மட்டும் கொஞ்சம் பெரிதாக இருக்கும்.

திணைக்களம் அதோடு விடவில்லை. ஒரு மாதம் கழித்து நாற்பது புதுப் படிவங்கள் வந்தன: ‘வெந்நீர் பற்றிய தனிப்பட்ட அபிப்பிராயம்.’ தூறலும் பனியுமான ஒரு சாயந்தரம், செபஸ்தியாம்பிள்ளை அவற்றைத் தூக்கிக்கொண்டு லயத்துக்குப் போனார். அம்மாக்கண்ணு அடுப்பங்கரையில் உட்கார்ந்து, கோப்பையை இரண்டு கையாலும் பிடித்து, ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தாள்.

“வெந்நீர் எப்படி?” என்று பேனாவை எடுத்தார்.

“மோசமுங்க. ரொம்ப மோசம்.”

“இவ்வளவு ஆசையா ஊதிக் குடிக்கிறியே?”

“நல்லாருக்குன்னு எழுதிப்புட்டீங்கன்னா, இதையும் கப்பல்ல ஏத்திருவாங்க ஐயா.”

படிவத்தில் மோசத்துக்குக் கட்டம் இல்லை. அவரே அடிமட்டம் வைத்துக் கோடிழுத்து ஒன்று உண்டாக்கி, அதில் குறித்துக்கொண்டார். அம்மாக்கண்ணு அவருக்கும் ஒரு கோப்பை ஊற்றிக் கொடுத்தாள். அந்தக் குளிருக்குச் சூடு தொண்டையில் இறங்கி, நெஞ்சில் பரவி, கால்விரல்வரை போயிற்று. செபஸ்தியாம்பிள்ளை வாசல் பக்கம் திரும்பி யாராவது வருகிறார்களா என்று பார்த்தார். பிறகு “ரொம்ப மோசம்” என்று வெளியே கேட்கும்படி சத்தமாகச் சொல்லிவிட்டு, இன்னொரு கோப்பை கேட்டார்.