இறக்கை நேராக்கப்பட்ட வரலாறு

மனித குலத்தின் தலையாய கண்டுபிடிப்பு சக்கரம் என்று பாடப்புத்தகங்கள் சொல்கின்றன. குழந்தைகளிடம் சொல்லத்தக்க பொய்தான். தலையாய கண்டுபிடிப்பு கமிட்டி. சக்கரம் தன் பாட்டுக்கு உருண்டுகொண்டிருந்தது. அது உருளத்தான் வேண்டுமா என்று நாலு பேர் உட்கார்ந்து யோசித்த அன்றுதான் நாகரிகம் பிறந்தது.

இதை உலகுக்கு நிரூபித்த பெருமை, கல்கத்தாவை அடுத்த சாந்த்ராகாச்சி ரயில் யார்டுக்குப் பின்னால் இருக்கும் பூர்வாஞ்சல் சக்கர நிறுவனத்தைச் சேரும். ரயில் நிலையங்களில் மூட்டை தள்ளும் வண்டிகளைச் செய்து கொடுக்கும் அரசு நிறுவனம் அது. அந்த வண்டிகளில் மூன்று சக்கரங்கள் பயணி போகும் திசையிலும், நாலாவது சக்கரம் தன் மனசாட்சி சொல்லும் திசையிலும் போகும். இப்படிப்பட்ட நிறுவனத்துக்கு டெல்லியிலிருந்து ஓர் ஆணை வந்தது. 'உலகத் தரம் வாய்ந்த ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்' ஒன்றைச் சுதேசியாகச் செய்து தர வேண்டும். மூட்டை வண்டிக்காரர்களிடம் ஏன் கேட்டார்கள் என்று சில விஷமிகள் கேட்டார்கள். இரண்டுக்கும் நாலு சக்கரம். இந்தத் தர்க்கத்தில் ஓட்டை கண்டுபிடிக்க எவராலும் முடியவில்லை.

வடிவமைப்புப் பிரிவின் தலைவர் பட்டாபிராமன். காற்று எந்தப் பொருளின் மேல் எப்படிப் போகும், எங்கே அமுக்கும், எங்கே தூக்கும் என்பதை ஐ.ஐ.டி.யில் கரைத்துக் குடித்தவர். ஆனால் அவருடைய மேன்மை அந்தப் படிப்பில் இல்லை. படித்ததை யார்மேலும் பிரயோகிக்காத பெருந்தன்மையில் இருந்தது. எந்தக் கூட்டத்திலும் அவர் குரல் இரண்டு தடவைதான் கேட்கும். ஆரம்பத்தில், "சீனி இல்லாம டீ." முடிவில், "அக்ரீட் சார்." இந்த இரண்டு வாக்கியங்களை வைத்துக்கொண்டு அவர் பாலிகஞ்சில் ஃப்ளாட் வாங்கினார், பெண்ணைக் கட்டிக்கொடுத்தார், பதவியில் படிப்படியாக ஏறினார். இப்போது ஓய்வு பெறும் வேளை. ஒரு வருஷம் எக்ஸ்டென்ஷன் கிடைக்கலாம் என்று ஜெனரல் மேனேஜர் தத்தா ஜாடையாகச் சொல்லியிருந்தார்.

கார் வளர்ந்தது. அதாவது, கமிட்டி வளர்ந்தது. பந்தயக் காரில் ஒவ்வொரு கிராமும் எதிரி என்பதால் எடை குறைப்பு உபகுழு ஒன்று அமைந்தது. உடம்பெல்லாம் கார்பன் இழையில் செய்து, நாலு பேர் சேர்ந்து தூக்கிவிடலாம் என்கிற அளவுக்கு இளைக்க வைத்தார்கள். பிறகு, திட்டத்தின் பெயரை மூன்று மொழிகளில் பொறித்த பித்தளைப் பலகையை மூக்கில் மாட்டினார்கள். ஒற்றை இருக்கையைப் பார்த்து தத்தா வருத்தப்பட்டார்.

"ஒரே சீட்தானா? சீஃப் கெஸ்ட் எங்கே உட்காருவார்?"

குறைந்தபட்சம் தத்தாவாவது உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொள்ளும்படியாக இருக்கை அகலப்படுத்தப்பட்டது. பந்தயக் காருக்கு ஹார்ன் கிடையாது என்று தெரிந்ததும் கூட்டத்தில் அதிர்ச்சி அலை எழுந்தது. ஹார்ன் அடிக்காமல் ஹவுரா பாலத்தை எப்படித் தாண்டுவது? இரண்டு ஹார்ன் வைத்தார்கள். விஸ்வகர்மா பூஜையன்று காரைச் சாமிக்கு எதிரில் நிறுத்தி மாலை போட்டபோது பட்டாபிக்கே கண் கலங்கியது.

காரின் பின் இறக்கையை வடிவமைத்தவள் மஹிமா. பட்டாபியின் பிரிவில் இளம் இன்ஜினியர். தாத்தா காலத்திலேயே கல்கத்தா வந்துவிட்ட குடும்பம். கோபம் வந்தால் வங்காளியில்தான் வரும். அவளிடம் ஒரு குறை உண்டு. கேட்டால் பதில் சொல்லிவிடுவாள்.

ஒருநாள் ஆடிட் அதிகாரி வெங்கடநாராயணன் ஷெட்டுக்கு வந்தார். காரைப் பிரதட்சிணம் செய்துவிட்டுப் பின் இறக்கைக்கு எதிரில் நின்றார்.

"என்னம்மா இது, மேடு கீழ்ப்பக்கம் இருக்கு?"

"அப்படித்தான் சார் இருக்கணும். ப்ளேனோட விங்கை உல்டாவா போட்டிருக்கு. அது ப்ளேனை மேலே தூக்கும். உல்டாவா போட்டா காரைக் கீழே அமுக்கும். அமுக்கினாத்தான் டயர் ரோடைப் பிடிச்சுக்கும். ஸ்பீடா திரும்பறச்ச ஸ்லிப் ஆகாது."

"மாசா மாசம் மெட்ராஸ் போறேன். எப்பவும் ஜன்னல் சீட். இறக்கை பக்கத்துலேயே உக்காந்துண்டு போறேன். மேடு மேலேதான் இருக்கு. கண்ணால பாத்திருக்கேன்."

"சார், இது ப்ளேன் இல்லையே!"

"இல்லைதான். ஆகாசத்துல பறக்கறவனே ஒழுங்கா மாட்டியிருக்கான். தரையில ஓடற நமக்குத் தலைகீழா மாட்ட என்ன தலையெழுத்து?"

"கீ முஷ்கில்!" என்று வங்காளியில் அலுத்துக்கொண்டாள் மஹிமா.

அடுத்த கூட்டத்தில் 'அரசுச் சொத்து தலைகீழாகப் பொருத்தப்பட்டுள்ளது' என்ற ஆட்சேபம் முதலாவதாக வந்தது. அறைக்குச் சிங்காரா என்கிற வங்காளச் சமோசாவும் மண்குவளையில் டீயும் வந்தன. எல்லாரும் இறக்கையின் படத்தைப் பார்த்தார்கள். தலைகீழாகத்தான் இருந்தது. ஒருவர் படத்தைத் திருப்பிப் பிடித்துப் பார்த்து, இப்போது சரியாக இருக்கிறது என்று கண்டுபிடித்தார். மஹிமா எழுந்து பேசப் போனாள். வயதில் சின்னவள் என்பதால் உட்கார வைக்கப்பட்டாள்.

"பட்டாபி பாபு, நீங்கதான் எக்ஸ்பர்ட். நேரா மாட்டிடலாமா?" என்றார் தத்தா.

பட்டாபி கையில் சிங்காரா இருந்தது. நேராக மாட்டினால் என்ன ஆகும் என்பது அவருக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும். மஹிமா அவரையே பார்த்தாள். அவர் சிங்காராவையே பார்த்தார்.

"அக்ரீட் சார்."

"கூப் பாலோ! ரொம்ப நல்லது!" என்றார் தத்தா. இறக்கை ஏகமனதாக நேராக்கப்பட்டது.

வீட்டில் அன்று சுப்புலக்ஷ்மி அவர் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள். மனைவியிடம் மட்டும் பட்டாபி விஞ்ஞானி.

"கணக்குப் போட்டுப் பாத்தேளா?"

"போட்டேன். மெதுவா போனா ஒண்ணும் ஆகாது. நூத்தம்பதைத் தாண்டினா பின்பக்கம் லேசாயிடும். சக்கரம் பிடி விட்டுடும். அந்த நேரம் பாத்து வளைவு வந்தா, பம்பரம்தான்."

"ஓட்டறவன்?"

பட்டாபி கரண்டியால் ரசத்தைக் கலக்கினார்.

"சொல்ல வேண்டியதுதானே, அந்த தத்தா கேட்டப்போ?"

"அவன் எங்கே கேட்டான்? சம்மதம் வாங்கிண்டான். கேள்வி வேற, அது வேற. உனக்கு ஆபீஸ் புரியாது."

"எனக்கு ஆபீஸ் புரிய வேண்டாம். யாரோ பெத்த பிள்ளை ஏறி உக்காரப் போறான். அது புரியறது."

அவர் அன்று மோர் சாதம் சாப்பிடவில்லை. இதை அவருடைய மனசாட்சிக்குச் சாட்சியாகக் குறித்து வைக்க வேண்டும்.

மறுநாள் மஹிமா அவர் அறைக்கு வந்து கதவைச் சாத்தினாள்.

"அங்கிள், உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். நீங்க ஓகே சொன்னீங்க இல்ல? அப்ப ஃபர்ஸ்ட் நீங்கதான் ஓட்டணும். இதை தத்தா சாரண்ட சொல்லிட்டுத்தான் வரேன். அவர் ரொம்ப குஷி ஆயிட்டார்."

பாவம், சின்னப் பெண். உயிருக்குப் பயந்தாவது மனுஷன் வாயைத் திறப்பார் என்று கணக்குப் போட்டாள். பட்டாபியின் ஞானத்தை அவள் குறைத்து மதிப்பிட்டுவிட்டாள்.

குறித்த நாளில் அகலப்படுத்தப்பட்ட இருக்கையில் பட்டாபி அமர்ந்தார். தலைக்கவசம் மாட்டினார். கம்பெனி வளாகத்தில் புதிதாகத் தார் போட்ட தடம், நீண்ட நேர்சாலையும் ஒரே ஒரு பெரிய வளைவுமாகக் காத்திருந்தது. ஆயிரம் குதிரைகளின் பலம் கொண்ட அந்த எந்திரத்தை அவர், தக்குரியா ஏரிக்கரையில் நடக்கப் போகிறவர் வேகத்தில் ஓட்டினார். வழியில் ஒரு சைக்கிள் ரிக்‌ஷா அவரை முந்தியது. அவர் இரண்டு ஹார்னையும் அடித்தார். வளைவில் கையை வெளியே நீட்டி சிக்னல் காட்டித் திரும்பினார். சுற்றி முடித்து இறங்கியபோது கைதட்டல் அடங்கவில்லை.

"எப்படி இருந்தது?" என்றார் தத்தா.

"ரொம்ப சௌகரியம் சார்."

"விங்?"

"தொந்தரவே இல்லை."

'வடிவமைப்புத் தலைவரே நேரில் ஓட்டிப் பார்த்துப் பூரண திருப்தி தெரிவித்தார்' என்று டெல்லிக்குத் தகவல் பறந்தது. எக்ஸ்டென்ஷனும் அதே வாரம் உறுதியாயிற்று. விஞ்ஞானத்தை இவ்வளவு துல்லியமாகப் பயன்படுத்திக்கொண்டவர் சரித்திரத்தில் குறைவு. எந்த வேகத்தில் ஆபத்து தொடங்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அதற்கு வெகு கீழே அவர் நின்றுகொண்டார்.

ஜனவரியில் வெள்ளோட்டம். முழு வேகத்தில் ஓட்டிக் காட்ட கோயமுத்தூரிலிருந்து மணிவேல் என்ற பந்தய ஓட்டுநர் வந்தான். சிரித்த முகம். வந்ததும் காரைத் தடவிக் கொடுத்தான். பட்டாபியைத் தேடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டான்.

"சாருங்களா! இந்த வயசுல நீங்களே ஓட்டிப் பாத்தீங்களாமே? கேட்டதும் சிலுத்துப் போச்சுங்க. எங்கூர்ல இந்த வண்டி பாக்கறேன்னு அம்மா வேற டிவி முன்னால உக்காந்திருக்குதுங்க. முழு வேகத்துல எப்படிங்க, அடங்கி ஓடுமுங்களா?"

பட்டாபி வாயைத் திறந்தார். பனிதான் உள்ளே போனது. திரும்பவும் மூடிக்கொண்டார். தலையை ஆட்டினார். மேலும் கீழுமா, பக்கவாட்டிலா என்று சொல்ல முடியாத, நம் ஊருக்கே உரிய அந்த ஆட்டல்.

மஹிமா மட்டும் மணிவேலிடம் ஓடிப்போய் எல்லாவற்றையும் சொன்னாள். இறக்கை தப்பு, வளைவில் சுழலும், ஏறாதீர்கள்.

"பயப்படாதீங்க அம்முணி. அவ்வளவு பெரிய சாரே ஓட்டிப்போட்டு நல்லாருக்குதுன்னாருங்களே. தப்புன்னா சொல்ல மாட்டாருங்களா?" என்றான் அவன்.

காட்சி நன்றாகத் தெரியும் என்பதால் விருந்தினர் பந்தலை வளைவின் வெளிப்பக்கத்தில் போட்டிருந்தார்கள். துர்கா பூஜைப் பந்தல் போடும் ஆட்களே போட்டது. சரிகைத் துணி, சோபா, டெல்லியிலிருந்து வந்த பெரிய அதிகாரிக்கு நடுநாயகமான இடம். பக்கத்தில் தத்தா. அவருக்குப் பக்கத்தில் வெங்கடநாராயணன். அதற்கடுத்து, பெயர் ஒட்டிய நாற்காலி பட்டாபிக்கு.

பட்டாபி தம் நாற்காலிக்கு வந்தார். வளைவைப் பார்த்தார். நேர்சாலையின் நீளத்தைப் பார்த்தார். பிடி விட்ட வண்டி எந்தக் கோணத்தில் எங்கே வந்து சேரும் என்று அவருடைய ஐ.ஐ.டி. மூளை, அவர் கேட்காமலேயே, கணக்குப் போட்டு முடித்தது. பிறகு அவர் நாற்காலியைத் தூக்கினார். 'எக்ஸ்க்யூஸ் மீ' என்று ஒவ்வொருவராகத் தாண்டினார். தடத்துக்கு அப்பால், பழைய வார்ப்படக் கூடத்தின் தடித்த செங்கல் சுவருக்குப் பின்னால் கொண்டுபோய்ப் போட்டு, குரங்குக் குல்லாவைக் காது வரை இழுத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

தலைக்கவசத்தை மாட்டப் போன மணிவேலின் தோளை மஹிமா தொட்டாள். பந்தலில் பட்டாபியின் இடம் காலியாக இருப்பதைக் காட்டினாள். பிறகு, சுவரோரம் எட்டிப் பார்த்த குரங்குக் குல்லாவைக் காட்டினாள்.

மணிவேல் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான். அவன் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. தலைக்கவசத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தடத்தைக் கடந்து சுவருக்குப் பின்னால் வந்தான்.

"ஏனுங்க சார், இங்க வந்து உக்காந்துட்டீங்க?"

"வெயில்," என்றார் பட்டாபி.

மணிவேல் அண்ணாந்து பார்த்தான். பனிமூட்டத்தில் சூரியன் இருக்கிற இடமே தெரியவில்லை.

"ஆமாங்க. நல்ல வெயிலுங்க," என்றான். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தரதரவென்று இழுத்து வந்து அவர் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தான். "எங்கம்மாவுக்கு நான் ஒரே பையனுங்க சார்," என்றான்.

கார் ஏன் கிளம்பவில்லை என்று விசாரிக்க வெங்கடநாராயணன் மூச்சிரைக்க ஓடிவந்தார். இரண்டு நாற்காலிகளைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். வளைவில் இருந்த தம் நாற்காலியைத் திரும்பிப் பார்த்தார்.

"கொஞ்சம் நகர்ந்துக்கோங்கோ," என்று போய்த் தம்முடையதைத் தூக்கி வந்தார். அவரைத் தேடி தத்தா வந்தார். தத்தாவைத் தேடி மற்றவர்கள் வந்தார்கள். யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை. கடைசியில் டெல்லி அதிகாரி, சோபாவை இரண்டு பேர் சுமந்து வர, பின்னால் நடந்து வந்தார். கமிட்டி முழுவதும் ஏகமனதாகச் சுவருக்குப் பின்னால் கூடியது. பந்தலில் யாருமில்லை. ஆட்சேபிக்க ஆளில்லாததால் மஹிமா ஸ்பேனரை எடுத்துக்கொண்டு போய் இறக்கையின் போல்ட்டுகளைக் கழற்ற ஆரம்பித்தாள்.

"பட்டாபி பாபு," என்றார் தத்தா மெதுவாக, "உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

பட்டாபி நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். பதில் சொல்ல அவசியம் இல்லை. அந்தக் காரைப் பற்றி அவர் கொடுத்த ஒரே நேர்மையான தொழில்நுட்ப அறிக்கை, அவருக்கு அடியில்தான் இருந்தது. அதையும் அவர் தம் ஒருவருக்காக மட்டுமே தயாரித்திருந்தார்.