மெம்பரா, வேலையாளா?

"மெம்பரா, வேலையாளா?" என்று கோல்ஃப் கிளப்பின் வாசல் காவலர் கேட்டார்.

குழாய்க்காரருக்கு அந்த இரண்டாவது சொல் சுருக்கென்று தைத்தது. அன்றைக்குத்தான் சட்டையை இஸ்திரி போட்டு, கல்யாணத்துக்கு வாங்கிய ஷூவைத் துடைத்து மாட்டிக்கொண்டு வந்திருந்தார். இருபத்திரண்டு வருஷமாக எந்த வீட்டுக்கு வேலைக்குப் போனாலும் பின்வாசலைத்தான் காட்டுகிறார்கள். ஷூ போட்டுக்கொண்டு வந்த அன்றைக்குமா?

"மெம்பர்தான்," என்றார். காவலர் அட்டைக்காகக் கையை நீட்டியதும், "ஆகப் போறேன்," என்று சேர்த்துக்கொண்டார்.

"அப்ப ஆபீசுக்குப் போங்க சார். இடது பக்கம்."

அடுக்குமாடி கட்டுகிற பெரிய கட்டடக்காரர் போன வாரம் இவர் போட்ட குழாய்களைத் தடவிப் பார்த்துவிட்டு, "ஒரு சொட்டு ஒழுகலையே! ஞாயித்துக்கிழமை கோல்ஃப் கிளப்புக்கு வாங்க. பெரிய வேலை ஒண்ணு இருக்கு, நேர்ல பேசுவோம்," என்று சொல்லியிருந்தார். கட்டடக்காரர் புதிதாக எழுப்பும் கட்டடத்தில் இருநூறு பாத்ரூம். அது மட்டும் கிடைத்துவிட்டால், பிறகு அடுத்தவர் வீட்டுச் சாக்கடைக்குள் கையை விட வேண்டியதில்லை. ஆள் வைத்து வேலை வாங்கலாம். அப்படிப்பட்ட வேலையைப் பேச கட்டடக்காரர் முன்னால் மெம்பராகவே போய் நிற்பது என்று அங்கேயே முடிவு செய்துகொண்டார்.

ஆபீசில் ஒரு கிளார்க் இருந்தார். பாலில் பஞ்சை நனைத்த மாதிரி ஒரு குரல்.

"விண்ணப்பத்துக்கு ஒரு சின்னத் தொகை சார்." தொகையை வாயால் சொல்லவில்லை. சீட்டில் எழுதி, கவிழ்த்து, விரலால் தள்ளினார்.

குழாய்க்காரர் நிமிர்த்திப் பார்த்தார். எந்தத் தொகையையும் அவர் மனசு பாத்ரூமாக மாற்றித்தான் பார்க்கும். ஒரு பாத்ரூமுக்குக் குழாய் போட்டால் கையில் நிற்கும் கூலி எவ்வளவோ, அதுதான் அவருக்குக் கணக்கு. இது இரண்டு பாத்ரூம். பரவாயில்லை.

படிவத்தில் 'ஹேண்டிகேப்' என்று ஒரு கட்டம் இருந்தது. 'இடது முட்டி வலி, மாடிப்படி ஏறும்போது மட்டும்' என்று உண்மையை எழுதினார்.

கிளார்க் படித்துவிட்டு இருமினார். "இது ஆட்டத்துல உங்க தரத்தைக் கேக்குறது சார். வேற படிவம் தர்றேன்."

"அதுக்கும் சின்னத் தொகையா?"

"ரொம்பச் சின்னது சார்."

கூடவே ஒரு தடித்த விதிப் புத்தகமும் கொடுத்தார். "படிச்சிட்டுக் கையெழுத்துப் போடுங்க." குழாய்க்காரர் கையெழுத்தை முதலில் போட்டுவிட்டு, படிப்பதற்குப் புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப் போனார்.

வீட்டில் மனைவி அதைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. "ஊருக்கெல்லாம் குழாய் மாட்டுறீங்க. நம்ம வீட்டுக் குழாய்க்குக் கீழ எட்டு வருஷமா வாளி நிக்குது," என்றாள். வாளி ஆடாமல் நிற்க அந்தப் புத்தகம் சரியான உயரமாக இருந்தது. அடியில் வைத்தாள்.

"இருநூறு பாத்ரூம் வரட்டும். உனக்குத் தங்கத்துல குழாய் மாட்டுறேன்."

"தங்கம் வேணாம். ஒழுகாம இருந்தாப் போதும்."

அடுத்த வாரம் நுழைவுக் கட்டணச் சீட்டு வந்தது. அதை நிமிர்த்தியதும் குழாய்க்காரர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். தொண்ணூறு பாத்ரூம்.

"வரிசைப்படி வந்தா ஆறு வருஷம் ஆகும் சார். சீக்கிரம் வேணும்னா துரித வரிசை இருக்கு. அதுக்கு மட்டும்..." என்று கிளார்க் இன்னொரு சீட்டைக் கவிழ்த்தார். முப்பது பாத்ரூம்.

வெளியே வந்தபோது வாசல் காவலரே பரிவாகக் கேட்டார். "என்ன சார், முகம் வாடியிருக்கு?"

"ஒரு பொருளை விக்கணும். இரும்புக் குழாய்க்கு மரை போடுற மெஷின். கையில வந்து ஆறு மாசம்கூட ஆகலை."

"நான் விசாரிச்சுச் சொல்றேன் சார்."

இரண்டே நாளில் யாரோ ஒருவர் வண்டியோடு வந்து, பாதி விலைக்கு மெஷினை ஏற்றிக்கொண்டு போனார். மீதிக்கு மனைவியின் வளையல்கள் போயின.

"மெஷின் இல்லாம எப்படிங்க வேலை செய்வீங்க?"

"வேலை கைக்கு வந்துட்டா மெஷின் தானா வரும்."

"வேலை வேணும்னா மெஷினை விக்கணும். மெஷின் வேணும்னா வேலை வரணும். இந்தக் கணக்கை எந்தப் பள்ளிக்கூடத்துல படிச்சீங்க?"

காலர் வைத்த பனியன், ஆணி அடித்த ஷூ, கையுறை என்று இன்னும் வாங்க வேண்டியிருந்தது. கையுறை இரண்டு வேண்டாம், இடது கைக்கு ஒன்று போதும் என்றார்கள். ஒன்றின் விலை இரண்டுக்கு உண்டானதாக இருந்தது.

மெம்பர் ஆகுமுன் பந்து அடிக்கத் தெரிகிறதா என்று ஒரு பரீட்சை. பயிற்சியாளர் பச்சைப் புல்வெளிக்கு நடுவே கொடி நட்ட குழியைக் காட்டினார். குழாய்க்காரர் குனிந்து விரலால் அளந்தார்.

"நாலு இஞ்ச் குழாய் கச்சிதமா இறங்கும் சார்."

"பந்து இறங்கணும்," என்றார் பயிற்சியாளர்.

குழாய்க்காரர் மட்டையை ரெஞ்சு பிடிக்கிற மாதிரி பிடித்து, இருபத்திரண்டு வருஷ வலுவையும் கூட்டி வீசினார். பந்து இருந்த இடத்திலேயே இருந்தது. பக்கத்தில் புல்லுக்குத் தண்ணீர் தெளிக்கும் குழாயின் தலை மட்டும் பறந்து போனது. தண்ணீர் பனை உயரத்துக்குப் பீச்சியடித்தது.

எல்லோரும் ஓடினார்கள். அவர் மட்டும் தண்ணீரை நோக்கி ஓடினார். மண்டியிட்டு, உள்ளங்கையால் அடைத்து, காற்சட்டைப் பையில் எப்போதும் இருக்கும் டேப்பைச் சுற்றி, ஒரு குச்சியைச் செருகி, இரண்டு நிமிஷத்தில் நிறுத்திவிட்டார். 'உள்ளே குழாயெல்லாம் துருப்பிடிச்சுப் போயிருக்கே' என்று மனசுக்குள் பரிதாபப்பட்டார்.

கிளார்க் குடையோடு வந்தார். "மெம்பருங்க இங்க இந்த மாதிரி வேலையெல்லாம் தொடக் கூடாது சார். கௌரவக் குறைச்சல். உடைஞ்சதுக்கு ஒரு சின்னத் தொகை..."

ஆனாலும் பயிற்சியாளர், இனி இந்த ஆளைப் பரீட்சைக்கு நிறுத்தப் பயந்து, தேர்ச்சி என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

மூன்றாவது மாசம் சனிக்கிழமை அட்டை வந்தது. மறுநாள் காலை வாசலில் காவலர் விறைப்பாக சல்யூட் அடித்தார். குழாய்க்காரருக்குக் கண் கலங்கியது. முன்வாசல்!

வராந்தாவில் கட்டடக்காரர் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். இவரைக் கண்டதும் எழுந்துவிட்டார்.

"எங்கய்யா போனீங்க இத்தனை நாளா? பின் கேட்டுல உங்க பேரைச் சொல்லி வச்சிருந்தேனே! இந்தக் கிளப்புக்கு இப்ப நான்தான் செயலாளர். மைதானத்துக்கு அடியில இருக்குற குழாய் மொத்தத்தையும் மாத்தணும். உங்களுக்காகத்தான் நிறுத்தி வச்சிருக்கேன்."

"அந்தப் புதுக் கட்டடம்...?"

"அது கிடக்கு. இது அதைப் போல ரெண்டு மடங்கு."

நானூறு பாத்ரூம்! குழாய்க்காரருக்குக் காதில் தண்ணீர் பாய்கிற சத்தம் கேட்டது. மெஷினை மீட்கலாம், வளையலை மீட்கலாம், வீட்டு வாளியைத் தூக்கி எறியலாம்.

"இன்னைக்கே கையெழுத்துப் போட்டுடலாம்," என்று கட்டடக்காரர் கிளார்க்கைக் கூப்பிட்டார்.

கிளார்க் கோப்போடு வந்து, குழாய்க்காரர் கழுத்தில் தொங்கிய அட்டையைப் பார்த்து, இருமினார்.

"ஐயா, சார் நேத்துலேர்ந்து மெம்பர். கிளப் வேலையை மெம்பருக்குக் குடுக்கக் கூடாதுங்க. விதிப் புத்தகத்துல முதல் பக்கத்துலயே இருக்கு."

"நான் விலகிக்கிறேன்!" என்றார் குழாய்க்காரர்.

"தாராளமா சார். விலகினாலும் மூணு வருஷம் ஆகணும்."

கட்டடக்காரர் நெற்றியைத் தேய்த்தார். "மழைக்கு முன்னாடி ஆரம்பிக்கணுமே. இனிமே நான் எந்த ஆளைத் தேடுவேன்?"

படியோரம் நின்றிருந்த வாசல் காவலர் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, பணிவாகச் சொன்னார்:

"எங்க மச்சான் பின் கேட்டுல நிக்கிறாருங்க ஐயா, மெஷினோட."